சகலையின் இடது கன்னம்

கடைத்தெருவில் அவரைக் கண்ணாடி சார் என்பார்கள். மாமியார் வீட்டில் சின்ன மாப்பிள்ளை. வயது நாற்பத்தாறு, அதில் இருபத்தொரு வருஷம் ஒரே கடையில், ஒரே கவுன்டருக்குப் பின்னால் போயிருந்தது. கடை அவருடையதில்லை. ஆனால் முதலாளி மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலே பெரிது என்பதால், வந்து போகிறவர்களுக்கு அவர்தான் கடை.

மூக்குக்கண்ணாடி விற்கிறவருக்குத் தன் முகத்தை மறந்திருக்க வழி கிடையாது. விற்கிற கண்ணாடி ஒரு பக்கம் என்றால் பார்க்கிற கண்ணாடி நாலு பக்கமும். சுவரில் ஒன்று, தூணில் ஒன்று, கவுன்டர் மேல் சாய்த்து வைத்தது ஒன்று, கையில் பிடித்துக் காட்டுகிற வட்டக் கண்ணாடி வேறு. தலைக்கு மேலே வரிசையாக வெள்ளை விளக்கு. ஃப்ரேம் பளபளக்க வேண்டுமென்று போட்ட விளக்கு அது. கீழே நிற்கிறவர் முகத்தின் மேடு பள்ளத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலையில் கெட்டிக்காரர். வருகிறவரை உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரே அமர்ந்து, சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் பிடித்து இரண்டு கண்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார். ஃப்ரேமை மாட்டிவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போய் நின்று பார்ப்பார். ஒரு காது மேலே, ஒரு காது கீழே இருக்கும். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காதில் மாட்டுகிற தண்டைச் சூடுகாட்டி, முகத்துக்குத் தக்கபடி வளைத்துக் கொடுப்பார். முதல்முறை கண்ணாடி போடுகிற பெண்கள் அழாத குறையாகக் கண்ணாடியைப் பார்க்கும்போது, வாய் நிறையச் சிரித்து, "டீச்சர் மாதிரி கம்பீரமா இருக்கீங்க" என்பார். அந்தச் சிரிப்புக்கே வியாபாரம் ஆகும். இருபத்தொரு வருஷம், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது சிரிப்பு. அத்தனையும் மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இரண்டு கோடுகளாக எழுதப்பட்டிருந்தன. அதை அவர் வெகுநாள் கவலையாக எடுத்துக்கொள்ளவில்லை. சகலை இல்லாமல் இருந்திருந்தால் கடைசிவரை எடுத்துக்கொண்டிருக்கவும் மாட்டார்.

சகலை, அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர், அவரைவிட நாலு வயது மூத்தவர். ஊருக்கு வெளியே ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்குக்கு மேனேஜர். உருளைக்கிழங்கும் ஆப்பிளும் மூட்டை மூட்டையாய், பெட்டி பெட்டியாய் அடுக்கியிருக்கிற குளிர் அறைகளுக்குள் காலையும் மாலையும் ஒரு நடை போய்வருவார். ஐம்பது வயதில் முகம் துடைத்து வைத்த பீங்கான் தட்டு மாதிரி இருக்கும். "ஆப்பிளோட ஆப்பிளா இவரையும் உள்ள வெச்சுப் பூட்டிடறாங்க போல, வாடவே மாட்டேங்கறாரு" என்று மாமியார் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சகலை மட்டும் சிரிக்கமாட்டார். பிரமாதமான நகைச்சுவைக்கும் உதட்டோரத்தில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். சிரித்தால்தானே கோடு விழும்!

பதினெட்டு வருஷமாகவே கண்ணாடிக்காரருக்கு இவர் மேல் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பெரிய மாப்பிள்ளை வந்தால் மாமனார் எழுந்து நிற்பார். இவர் வந்தால் பேப்பரை மடிப்பார். பெரிய மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் நிதானமானவர். இவர் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். அதெல்லாம் உள்ளேயே புகைந்துகொண்டிருந்ததே தவிர, பற்றிக்கொண்டதில்லை.

பற்றவைத்தது ஒரு போட்டோ. மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பமாக எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் ஒரு நாள் வந்து அதன் முன்னால் நின்றார். வீட்டில் எல்லாரும் இருந்தார்கள்.

"இவர்தானே உங்க பெரிய மாப்பிள்ளை?" என்று அந்த அம்மாள் கண்ணாடிக்காரரின் முகத்தின் மேல் விரலை வைத்தார். "பார்த்தாலே தெரியுது, பொறுப்பான முகம். பக்கத்துல நிக்கிறவர் சின்னவரா? இப்பதான் கல்யாணம் ஆச்சா?"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கண்ணாடிக்காரரும் சிரித்தார், வேறென்ன செய்வார்? சகலை மட்டும் வழக்கம்போல உதட்டோரத்தை அசைத்து, "பாவம், சகலை சிரிச்சுச் சிரிச்சே வயசாகிட்டார்" என்றார். பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் கடை திறந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கவுன்டர் கண்ணாடி முன் உட்கார்ந்து, ஸ்கேலை எடுத்துத் தன் கோட்டை அளந்தார். இடது நாற்பத்தொரு மில்லிமீட்டர். வலது முப்பத்தொன்பது. யாரோ மரணச் செய்தி சொன்னது போல ஸ்கேலைக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து போனில் அவர் பார்த்ததெல்லாம் சிரிப்புக் கோடு வைத்தியம்தான். முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத இளம்பெண்கள் வந்து, "இதை மட்டும் செய்ங்க, ஏழே நாள்ல வித்தியாசம் பாருங்க" என்றார்கள். முதலில் முட்டை வெள்ளைக்கரு. பிரஷ்ஷால் தடவி, காயும்வரை பேசாமல், சிரிக்காமல் இருக்க வேண்டும். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் அசையாமல் நின்றார். முகம் அட்டை மாதிரி விறைத்தது. கழுவியதும் பழைய முகம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வீச்சம் மட்டும் போகவில்லை.

"என்னங்க, பாத்ரூம்ல முட்டை நாத்தம்?" என்றாள் மனைவி.

"டிரெய்னேஜா இருக்கும்."

அடுத்தது கற்றாழை. அது பிசுபிசுப்போடு சரி. பிறகு, கன்னத்தில் உருட்டுகிற பச்சைக்கல் உருளை ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். அதைக் குளிர வைத்து உருட்ட வேண்டுமாம். ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். நாலாம் நாள் பட்டாணி எடுக்கப் போன மனைவி உருளையோடு வந்து நின்றாள்.

"இது என்னங்க, குட்டிச் சப்பாத்திக் கட்டையா?"

"கடைக்கு வந்த சாம்பிள். லென்ஸ் துடைக்கிறது."

"ஃப்ரீசர்ல வெச்சா?"

"குளிர்ச்சியா இருந்தா கீறல் விழாது" என்று அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் அவரையும் உருளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பட்டாணியை வேக வைக்கப் போனாள்.

முகத்துக்குப் பயிற்சி என்று ஒன்றும் இருந்தது. கன்னத்தை உப்பவைத்து, காற்றை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ள வேண்டும். வாயை 'ஓ' என்று குவித்து, 'ஈ' என்று இழுக்க வேண்டும். கடைக்குப் போகிற வழியில், ஹெல்மெட்டுக்குள் செய்தார். சிக்னலில் பக்கத்து வண்டியில் அம்மாவின் மடியிலிருந்த குழந்தை ஒன்று அவரைப் பார்த்து அழத் தொடங்கியது.

கடைசியாக வந்தது க்ரீம். வைட்டமின் ஏ சத்து சேர்த்தது. பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. கண்ணாடிக்காரருக்கு வாரத்துக்கு இரண்டு நாள் காத்திருக்கப் பொறுமையில்லை. மனக்கண்ணில் சகலையின் கன்னம் வந்து நின்றது. தினம் இரண்டு வேளை, கோட்டின் மேல் ஒரு பூச்சு, கோட்டுக்குள் ஒரு பூச்சு என்று அப்பினார். பத்தாம் நாள் மூக்கோரம் சிவந்தது. பன்னிரண்டாம் நாள் தோல் பொரிந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. முன்னே வெறும் கோடாக இருந்தது இப்போது சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட மாதிரி ஆயிற்று.

அதோடு ஒரு முடிவும் எடுத்திருந்தார்: கடையில் சிரிப்பதில்லை. சகலை மாதிரி உதட்டோரம் மட்டும் அசைத்தால் போதும். இரண்டு வாரத்தில் வாடிக்கைக்காரர்கள், "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சார்?" என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கத் தொடங்கினார்கள். கடையில் கண் பரிசோதனை செய்கிற பெண், நல்ல துடுக்குக்காரி, ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"சார், முகத்துல என்ன போடறீங்க?"

"அலர்ஜி."

"அலர்ஜி ரெண்டு பக்கமும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி வராது சார். எதைப் போட்டாலும் நிறுத்துங்க. வெயில்ல முகத்தைக் காட்டாதீங்க."

நிறுத்தினார். ஆனால் தோல் ஆறுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மாமியார் வீட்டில் இரண்டு மகள் குடும்பத்துக்கும் மதியச் சாப்பாடு.

மேஜையில் சகலை எதிரே உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் ஒளித்து ஒளித்து அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சகலைக்கும் கோடு இல்லாமலில்லை; பென்சிலால் இழுத்து அழித்த மாதிரி இரண்டு பக்கமும் மெல்லிசாக உண்டு. உருட்டிக்கொண்டும் உரித்துக்கொண்டும் திரிந்த இந்த ஆறு வாரமும், அந்த மெல்லிய இரண்டு கோடுதான் அவருக்கு ஆறுதல். அன்று பார்த்தால், இடது பக்கக் கோடு இல்லை.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். வலது பக்கம் இருக்கிறது. இடது பக்கம் சுத்தமாக மறைந்து, கன்னம் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் பார்த்தபோது கொஞ்சம் இருந்த மாதிரிதான் நினைவு. சாப்பிட்டு முடித்து, நாலு மணிக்கு டீ வரும்போது இன்னும் வழவழப்பு.

அவர் டீயைக் கீழே வைத்தார். இருந்ததே ஒரு நூல். அதையும் அழித்துவிட்டாரே! ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் ஆரம்பிக்கப் போகிறார் போல. என்ன க்ரீம்? எந்த ஊர் க்ரீம்? குடும்பத்தில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் எப்படிப்பட்ட கமுக்கம்! சகலையின் வாயோரத்திலிருந்து ஒரு சொட்டு டீ சட்டையில் விழுந்தது. மனைவியின் அக்கா உடனே துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள். தன் சட்டையில் விழுந்திருந்தால், "குழந்தையா நீங்க?" என்று கேட்டிருப்பார்கள் என்று அதற்கும் பொருமினார்.

"உங்க முகம் ஏன் இப்படிச் செவந்திருக்கு, சகலை?" என்று சகலை கேட்டார்.

"வெயில்" என்றார் கண்ணாடிக்காரர்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மனைவி, "அத்தான் இன்னிக்கு இன்னும் எளசாத் தெரிஞ்சாரு இல்ல?" என்றாள். அவர் ஸ்கூட்டரைப் பள்ளத்தில் விட்டார்.

திங்கட்கிழமை செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் அவருக்கு உடம்பு கூசும். கடைக்குப் போகிற வழியில் சகலை வீட்டுக்குப் போனார். சகலை அதற்குள் கிடங்குக்குப் போயிருப்பார் என்று தெரிந்துதான் போனார். எப்போதோ இரவல் வாங்கிய டிரில்லிங் மெஷினைத் திருப்பிக் கொடுப்பது சாக்கு.

"இதுக்காகவா வந்தீங்க? உக்காருங்க, காபி போடறேன்" என்றாள் மனைவியின் அக்கா.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன் அண்ணி."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து சத்தம் வரவைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்தார். பல்பொடி டப்பா. ஷேவிங் சோப்பு. சீப்பு. பாதி தீர்ந்த தைலம். அலமாரிக்கு மேலே கைவிட்டுத் துழாவினார். பழைய பிளேடு கவர். வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்து பார்த்தார். பக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சோப்பு, அதுவும் எல்லா வீட்டிலும் கிடக்கிற சாதாரண மஞ்சள் சோப்பு, ஈரத்தில் கரைந்துகொண்டிருந்தது. நாற்பத்தாறு வயது மனிதர் அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் ஈரத் தரையில் முட்டிபோட்டு, வெறும் சோப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஒளித்து வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றுமே போடாமல் இப்படியா!

வெளியே வந்தபோது காபி ஆறியிருந்தது. அண்ணி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"... காலைல வாய் கொப்பளிச்சா தண்ணி வாயில நிக்க மாட்டேங்குதாம். காதுக்குப் பின்னாடி வலியாம். சில்லுனு ரூமுக்குள்ளேயே இருந்தா என்ன ஆகும்? சொன்னா எங்க கேக்கறாரு?"

"ஆமா ஆமா" என்றார் கண்ணாடிக்காரர். அவர் காதில் விழுந்தது 'சில்லுனு' என்ற ஒரு வார்த்தைதான். அப்படியானால் அந்தக் குளிர்தான் காரணம். அதற்கு என்ன செய்வது, கிடங்கில் போய் ஆப்பிள் பெட்டி மேல் உட்காரவா முடியும்?

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வாக்கில் சகலையே கடைக்கு வந்தார். கடைத்தெருப் பக்கம் அவர் வருவதே அபூர்வம்.

"இடது கண்ணு எரியுது சகலை. தண்ணியா வழியுது. பவர் மாறிடுச்சோ என்னமோ, பாருங்க."

கண்ணாடிக்காரர் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். வெள்ளை விளக்கு மொத்தமும் சகலை முகத்தில் விழுந்தது. ஒரு முழத் தூரத்தில், முகத்துக்கு முகம். இடது கன்னத்தில் ஒரு மடிப்பு இல்லை. நெற்றியிலும் இடது பாதி சலவைக்கல்! வலது பாதியில் இருந்த மூன்று வரி நடுநெற்றியோடு நின்றுபோயிருந்தது. இத்தனை நாள் அடக்கிவைத்தது பொங்கிவிட்டது.

"என்ன போடறீங்க சகலை? சொன்னா நான் என்ன ஊரெல்லாம் சொல்லவா போறேன்?"

"எதை?"

"முகத்துக்கு."

"போங்க சகலை, வெளையாடாதீங்க" என்றார் அவர். 'போங்க' கொஞ்சம் 'ஃபோங்க' என்று வந்தது. உதட்டோரம் வழக்கம்போல அசைந்தது. வலது ஓரம் மட்டும்.

பேச்சை விட்டுவிட்டு, சகலையின் கண்ணாடியை வாங்கித் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் போனார். கண்ணாடி சாய்ந்திருந்தது. இடது பக்கம் புருவம் ஃப்ரேமுக்குக் கீழே இறங்கித் தெரிந்தது. கழற்றி, தண்டைச் சூடுகாட்டி வளைத்து, மாட்டினார். சாய்ந்திருந்தது. மூக்குப் பிடியைச் சரிசெய்தார். சாய்ந்திருந்தது. மூன்றாம் தடவை ஃப்ரேமைக் கழற்றிக் கவுன்டரின் தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு தண்டும் ஒரே மட்டமாக, ஆடாமல் அசையாமல் நின்றன. ஃப்ரேமில் கோணல் இல்லை.

இந்தக் கண்ணாடியை இதே முகத்துக்கு வளைத்துக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு வருஷம் அது ஒரு நூல் பிசகாமல் நின்றிருந்தது.

வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது சட்டென்று அணைந்து, அந்த இடம் ஜில்லிட்டுப் போயிற்று.

"சகலை, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடுங்க."

மூடினார். வலது கண் மூடியது. இடது கண் பாதியில் நின்று, வெள்ளை விழி தெரிந்தது.

"மூடிட்டேன்" என்றார் சகலை.

கண்ணாடிக்காரர் உள்ளே திரும்பிக் கூப்பிட்ட கூப்பாட்டில், பரிசோதனை செய்கிற பெண் டார்ச்சோடு ஓடிவந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். "கன்னத்தை உப்புங்க சார்" என்றாள். காற்று இடது ஓரமாக புஸ்ஸென்று போயிற்று. அவள் கண்ணாடிக்காரரைத் தனியே இழுத்து, "கண்ணு பிரச்சினை இல்ல சார் இது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே" என்றாள்.

டாக்ஸியில் சகலையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷத்தில் கைகுலுக்கியதோடு சரி, பிடித்ததில்லை. அவர் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று: கண் வைத்துவிட்டேன். ஆறு வாரம் அந்தக் கன்னத்தையே பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். ஊரெல்லாம் கண்ணாடி விற்றுவிட்டு, என் கண்ணாலேயே இவர் முகத்தைக் கெடுத்துவிட்டேன்.

"பக்கவாதமா சகலை?" என்று சகலை மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலில் பெரிய மாப்பிள்ளையே இல்லை.

"சேச்சே. சும்மா ஒரு செக்அப்."

மனைவியும் அவள் அக்காவும் ஆஸ்பத்திரிக்கு ஆளுக்கொரு பக்கமிருந்து ஓடிவந்தார்கள். டாக்டர் அம்மாள் சுறுசுறுப்பானவர். புருவத்தைத் தூக்கச் சொன்னார், கையைக் காலைத் தூக்கச் சொன்னார், சுத்தியலால் முட்டியைத் தட்டினார், பிறகு உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. பக்கவாதம் இல்ல. முகத்துக்குப் போற நரம்பு ஒண்ணு வீங்கி, இந்தப் பக்கம் வேலை செய்யாம இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சா பெரும்பாலும் சரியாயிடும். ஆனா மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கறது ரொம்ப முக்கியம். எப்பலேருந்து இப்படி இருக்கு?"

சகலை விழித்தார். "இன்னிக்குக் காலைல கண்ணு எரிஞ்சது..."

"நேத்து வாய் கொப்பளிக்க முடியலைன்னாரு" என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி... தெரியலையே டாக்டர். அவரு எப்பவுமே முகத்தை இப்படித்தான் வெச்சிருப்பாரு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு வாரம் ஆயிருக்குமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்காரருக்குத் தெரியும். மணிக்கணக்காகவே தெரியும். சுவரோரம் நின்றிருந்தவர், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை. பகல் பன்னெண்டு மணிக்குக் கோடு கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. நாலு மணிக்குச் சுத்தமா இல்ல. அதுக்கு முந்தின ஞாயிறு முழுசா இருந்துச்சு."

"எந்தக் கோடு?" என்றார் டாக்டர்.

"சிரிப்புக் கோடு. இடது பக்கம்."

அறையில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "அவ்வளவு துல்லியமா எப்படிச் சொல்றீங்க?"

பொய் சொல்ல அவருக்கு நாலு வழி இருந்தது. கடையில் அளந்து பழக்கம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவர் வாயில் என்னவோ அது வரவில்லை.

"பார்த்துக்கிட்டே இருந்தேன் டாக்டர். எனக்குக் கோடு விழுந்துடுச்சு, இவருக்கு விழலையேன்னு பொறாமை. இருந்த ஒண்ணும் போனதும், ஏதோ க்ரீம் போடறாருன்னு நெனச்சேன். நேத்து வீட்டுக்குப் போய்த் தேடிக்கூடப் பார்த்தேன். அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லலை."

அக்காவுக்கு டிரில்லிங் மெஷின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவள் முகம் மாறியது. டாக்டர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து விரலை மடித்து எண்ணினார். "நாற்பத்தெட்டு மணி நேரம்தான் ஆகுது. நல்ல நேரத்துல வந்துட்டீங்க. பொறாமைப்பட்டாலும் கணக்கா பட்டிருக்கீங்க" என்று சொல்லி, மருந்து எழுதத் தொடங்கினார். கிளம்பும்போது கண்ணாடிக்காரரிடம், "உங்க முகத்துல இருக்கறது க்ரீம் போட்ட புண்ணுதானே? அதுக்கும் எழுதித் தரேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி முதலில் விளக்கைப் போட்டாள். பிறகு, "அந்த உருளை லென்ஸ் துடைக்கிறது இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"டிரெய்னேஜும் இல்லையா?"

"முட்டை."

அவள் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, பொரிந்த தோலைப் பார்த்தாள். "பைத்தியம்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் கொடுத்த மருந்தை அவளே போட்டுவிட்டாள்.

அக்காவின் கோபம் ஆறப் பத்து நாள் ஆயிற்று. சகலையோ கோபிக்கவே இல்லை. அது கண்ணாடிக்காரருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, லீவில் வீட்டிலிருந்த சகலை, முதல் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய்தார்.

"சகலை, கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லுங்க. முன்னேற்றம் இருக்கான்னு எங்க வீட்ல கேட்டா, நல்லாயிருக்கு நல்லாயிருக்குங்கறா. மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றா. என் முகத்தை ஒழுங்காப் பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான்."

போனார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஸ்கேலை எடுத்தார். கோடு இல்லை. "இல்ல" என்று உள்ளபடியே சொன்னார். இரண்டாம் வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் வாயோரத்தில் நிழல் மாதிரி ஒன்று. நாலாம் வாரம் ஆறு மில்லிமீட்டர். சகலை எண்களை ஒரு காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டார். சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேச இருவருக்கும் ஒன்றும் இல்லாமலிருந்த காலம் போய், அளந்து முடித்த பிறகும் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருப்பது பழக்கமாயிற்று. தான் இத்தனை வருஷமாகச் சிரிக்காமலிருப்பதற்குக் காரணம் பல் வரிசை கோணல் என்பதையும், சிரித்தால் எல்லாருக்கும் பிடித்துப்போகிற கண்ணாடிக்காரரைப் பார்த்து, "எப்படித்தான் இந்த மனுஷனுக்கு இப்படி வருதோ" என்று தானும் பொருமியதுண்டு என்பதையும் சகலை ஒரு நாள் போகிறபோக்கில் சொன்னார். கண்ணாடிக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. மரியாதைக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டார்.

கோடு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் நீண்டது. அது நீள நீள அவருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் முக்கால் பங்கு சகலை தேறுகிறாரே என்பது. மீதி கால் பங்கு எதற்காக என்று அவருக்கே தெரியும். அதை வெளியே சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் முடிந்தபோது இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. டாக்டரும் இனி வர வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். மூன்று மாதம் கன்னத்தை அசைத்து அசைத்துப் பழகியதாலோ, பயம் விட்டதாலோ, சகலை அன்று பல் தெரியச் சிரித்தார். கோணல் பல்தான். நன்றாக இருந்தது. கோடும் முன்னைவிட ஆழமாக, ஆண்பிள்ளைக் கோடாக விழுந்தது.

மாமியார் மோவாயில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். "என்னமோ பெரிய மாப்பிள்ளைக்கு இப்பதான் முகத்துல ஒரு களையே வந்திருக்கு. அந்தக் கோடு எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! சிரிச்சா ஹீரோ மாதிரி இருக்காரு."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். கண்ணாடிக்காரர் டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னாச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பதினெட்டு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொறாமையா இருக்கு" என்றார்.

"எதுக்கு?"

"அவருக்குக் கோடு இல்லாதப்பவும் அழகுன்னாங்க. கோடு வந்தாலும் அழகுங்கறாங்க. எனக்கு ஆறு வருஷமா அதே கோடு இருக்கு, ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல், பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் முறைத்தார். டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு அவரும் உட்கார்ந்து, "சிரி, நல்லாச் சிரி. உனக்கும் விழட்டும்" என்றார்.